ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி

அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் டிசம்பரிலும் வானத்தை மறைப்பவை மென்பொருள் வகுப்புகளின் பேனர்கள்தான். இடையிடையே, வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்ஸிகள். அமெரிக்கா, பிரிட்டனோடு அயர்லாந்தும் இப்போது அவர்கள் பட்டியலில் உண்டு. கட்டணம், விசா, பகுதி நேர வேலை எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் பற்றிப் பேச அங்கே யாருக்கு நேரம்? ஆனால் செப்டம்பரில் டப்ளின் போய்ச் சேரும் மாணவர் முதலில் திகைத்து நிற்பது அந்த நாளில்தான்.

டிசம்பர் 25 அன்று அங்கே ரயில் ஓடாது; டப்ளின் நகர பஸ்களும் ஓடாது. டப்ளின் விமான நிலையத்தில்கூட பயணிகள் விமானம் கிடையாது. தெருவில் ஈ காக்கை இருக்காது. செகந்திராபாத் கிறிஸ்துமஸின் சந்தடியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பண்டிகையாகவே தோன்றாது. ஐரிஷ் கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடப்பது.

அதற்கான ஏற்பாடுகள் டிசம்பர் 8-லேயே தொடங்கிவிடும். கிராமத்தார் டப்ளினுக்கு வந்து ஜவுளி எடுத்த நாள் அது. பொங்கலுக்கு நம்மூரில் செய்வது போலவே வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பந்தியில் வான்கோழி, பன்றித் தொடை. கார்க் நகரத்தில் கூடவே மிளகும் கிராம்பும் சேர்த்துப் பதப்படுத்திய மாட்டிறைச்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக, 24-ந் தேதி மாலை வீட்டின் கடைக்குட்டி ஜன்னலில் ஏற்றும் மெழுகுவர்த்தி. இடம் தேடி அலைந்த மரியாளுக்கும் சூசைக்கும் அது வரவேற்பு. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடைகள் இருந்த காலத்தில், இங்கே பூசை வைக்கலாம் என்று பாதிரியாருக்குக் காட்டிய ரகசிய அடையாளம் என்றும் சொல்வார்கள்.

பிறகு அந்த விளக்குக்கு இன்னொரு அர்த்தம் சேர்ந்தது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். டாலர் வைத்து அமெரிக்காவிலிருந்து வரும் கடிதம்தான் பல வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ். 1990-ல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், நாட்டைவிட்டுப் போனவர்களை நினைத்துத் தன் மாளிகையின் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கை வைத்தார்.

ஹைதராபாத்துக்கு இது அந்நியக் கதையல்ல. செகந்திராபாத்தில் 1850-ல் நிறைவடைந்த செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைக் கட்டியவர் கார்க் பகுதியில் பிறந்த டேனியல் மர்ஃபி. பிறகு டாஸ்மேனியாவுக்கு ஆயராகப் போய், 1907-ல் கிறிஸ்துமஸ் முடிந்த சில நாட்களில் அங்கேயே இறந்தார்.

இப்போது பயணம் எதிர்த்திசையில். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்தில் 45,000-க்கும் அதிகமான இந்தியக் குடிமக்கள் இருந்தார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு விளக்கேற்றிக் காத்திருந்த தேசம், இன்று மற்றவர் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஏற்றுக்கொள்கிறது. சக ஊழியர் யாராவது சாப்பிட அழைத்தால் மறுக்காமல் போவது நல்லது. என்ன, திரும்பி வர பஸ் கிடையாது.

டிசம்பர் இறுதியில் டப்ளினில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏறும் அந்த நேரம் அமீர்பேட்டில் இரவு மணி பத்து. இங்கேயும் சில வீடுகளில் விளக்கை அணைக்காமல், போன் மணிக்காகக் காத்திருப்பார்கள்.