மணி அடித்தால் ஓடும் பிள்ளைக்கு ஓர் அறை கிடையாதா?

போலீஸ் நிலையத்துக்கு நிருபர் போனால் திருட்டு, அடிதடி எழுதத்தான். போன மாதம் நானும் அதற்குத்தான் போனேன். அங்கே ஓர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பையன், பள்ளிக்கூடத்திலிருந்து காணோம்!

இரண்டு மணி நேரம் தேடினார்கள். பள்ளிக்குப் பின்னால் உள்ள மளிகைக்கடை கோடவுனில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் கடத்தவில்லை. மணி அடித்தது, பயந்து ஓடிவிட்டான். அவ்வளவுதான்.

பையனுக்கு ஆட்டிசம். "சரியான சேட்டை சார்" என்றார் ஒரு வாத்தியார்.

சேட்டையா அது?

நாம் கவனிக்காத டியூப்லைட் இரைச்சல்கூட இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மண்டையைக் குடையும். மணிச் சத்தம் இடி மாதிரி. சிலருக்கு இறுக்கி அணைத்தால்தான், ஊஞ்சலில் ஆடினால்தான் நிதானம் வரும். பையன் மூட்டை இடுக்கில் ஒண்டியது ஏன்? அங்கே இருட்டு, அமைதி, இரண்டு பக்கமும் அழுத்தம். பள்ளிக்கூடம் தராத அறையை அவனே தேடிக்கொண்டான்!

இதற்குப் புலன் அறை என்று பெயர். 1970-களில் ஹாலந்தில் வளர்ந்த யோசனை. மங்கலான விளக்கு, மெத்தை, கனமான போர்வை, ஊஞ்சல், கைவிட்டு அளைய மணல். பிள்ளை கொஞ்ச நேரம் இருந்து, ஆறி, வகுப்புக்குத் திரும்பும். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து அல்ல. மூச்சு விட ஓர் இடம்.

முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்காக, இங்கே மணி அடிக்கும்போதெல்லாம் வியாசர்பாடிப் பிள்ளை முட்டுக்காட்டுக்கா ஓட முடியும்?

1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேச்சே இல்லை. 2016-ம் ஆண்டு சட்டம் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதியைப் பள்ளி செய்து தரவேண்டும் என்றும் சொன்னது. சட்டம் வந்துவிட்டது. அறை எங்கே?

காசில்லை என்று கை விரிக்க வேண்டாம். உடைந்த பெஞ்சு அடுக்கிய ரூம் ஒன்று பல பள்ளிகளில் உண்டு. அதைக் காலி பண்ணுங்கள். கலர் விளக்கு, வெளிநாட்டு சாமான் அப்புறம் வரட்டும். பிள்ளையைப் புரிந்துகொள்ளும் பயிற்சி பெற்ற ஒரு ஆள் முதலில் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்த அறைக்கு வெளித்தாழ்ப்பாள் கூடாது! தொந்தரவு தாங்காமல் பிள்ளையை நாள் முழுக்க அங்கே தள்ளி வைத்தால், அதற்குப் பெயர் லாக்கப். லாக்கப் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அந்த மளிகைக்கடைக்காரர் அம்மாவிடம் சொன்னார்: "அழாதீங்கம்மா. மணி அடிச்சா புள்ள இங்கயே வந்து உட்காரட்டும். நான் பாத்துக்கிறேன்."

கடைக்காரருக்கு இருக்கிற மனசு கல்வி இலாகாவுக்கு வரவேண்டாமா?