வேலை வேறு, உத்தியோகம் வேறு

சென்ற மாதம் பேரனை அழைத்துக்கொண்டு ஊசுடேரிக்குப் போயிருந்தேன். பள்ளியில் பறவைகளைப் பற்றி ஏதோ எழுதி வரச் சொன்னார்களாம். வெயில் ஏறிவிட்டது, பறவைகளும் குறைவு. கரையோரம் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் பேரனைக் கைகாட்டி அழைத்து, புதரடியில் கிடந்த ஒரு பாம்புச் சட்டையைக் காட்டினார். "சாரை. ராத்திரி உரிச்சிருக்கு. இந்தப் பக்கமாத்தான் போயிருக்கு, பாரு தம்பி" என்று மண்ணில் ஒரு கோட்டையும் காட்டினார். எனக்கு அங்கே கோடு எதுவும் தெரியவில்லை. பேரனுக்குத் தெரிந்ததாம்.

பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சான்றிதழ் சீட்டுல இருந்தவர்தானே?"

ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. எத்தனையோ பேர் வந்து போன மேசை அது. எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார். "எங்கப்பாகூட வந்தேன். பத்தாவது பாஸ் பண்ண வருஷம்." அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, வயிற்றைப் பிசைந்தது.

1987. வயலில் எலி பிடிக்கும் இருளர் ஒருவர் பையனோடு வந்து நின்றார். பையன் பத்தாம் வகுப்பு தேறியிருந்தான். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. பழங்குடி என்று சான்றிதழ் வாங்கினால் உதவித்தொகையோடு மேலே படிக்கலாம், காட்டு இலாகாவில் உத்தியோகத்துக்கும் போகலாம் என்று பள்ளி வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் பட்டியலை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை, மனப்பாடம். புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964-ல் வந்தது. பழங்குடிகளுக்கு அப்படி ஓர் ஆணை வரவே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரத்தில் இருக்கும் இருளர் பழங்குடி. இந்தப் பக்கம் நம்மூரில் இருக்கும் அவருடைய பங்காளி பழங்குடி இல்லை. "பாண்டியில எஸ்.டி.யே கிடையாதுப்பா, போ" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சட்டப்படி நான் சொன்னது சரி. ஆனால் அந்தப் "போ" எந்தச் சட்டத்திலும் இல்லை. அது என்னுடையது.

நம் இருளர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது 2016 டிசம்பரில். அந்தப் பையனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. வயது வரம்பெல்லாம் என்றோ தாண்டிவிட்டது. செங்கல் சூளை, அரிசி ஆலை என்று சுற்றிவிட்டு, இப்போது ஒரு கான்டிராக்டரிடம் தினக்கூலி. செடி நடுவது, தண்ணீர் விடுவது.

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். 1962-ல் சட்டப்படி நாம் இந்தியாவோடு இணைந்தபோது என் கையில் இருந்த படிப்பு, இங்கே எந்த அலுவலகத்துக்கும் புரியாத படிப்பு. எஸ்.எஸ்.எல்.சி. இல்லை, இங்கிலீஷ் தகராறு. பின்னால் நான் வாங்கிய 'பிரவே' சான்றிதழை மெட்ரிகுலேஷனுக்குச் சமமாக எடுத்துக்கொண்டதால்தான் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. யாரோ ஒரு அதிகாரி, ஒரு காகிதத்தில், 'இவர்கள் படித்ததும் படிப்புத்தான்' என்று எழுதினார். அந்த ஒரு வரியில் நான் முப்பத்தொன்பது வருடம் சாப்பிட்டேன், பென்ஷனும் வாங்குகிறேன். எலி வளையின் வாசலைப் பார்த்து உள்ளே எத்தனை படி நெல் இருக்கும் என்று சொல்லும் ஒருவருடைய படிப்பை எதற்காவது சமம் என்று எழுத யாரும் பேனா எடுக்கவில்லை.

இது பாண்டிச்சேரிக் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி பழங்குடிகள் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், இவர்களுடையது 54. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினரை மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பிரித்து வைத்திருக்கிறது. காடு இவர்கள் இல்லாமல் நடக்காது. யானை முகாமில் மாவுத்தர், காவடி என்று பார்த்தால் பெரும்பாலும் மலசரும் குறும்பரும் காட்டுநாயக்கரும்தான். தெப்பக்காட்டு பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டில் பெள்ளியை மாநிலத்தின் முதல் பெண் காவடியாக நியமித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வாழ்நாளெல்லாம் யானைக் குட்டிகளை வளர்த்த பெண்ணுக்கு நியமன ஆணை வருவதற்கு ஆஸ்கர் வர வேண்டியிருந்தது என்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா?

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியைத் தாண்டும்போது பாம்புப் பண்ணை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் இடம் அது. பாம்புத்தோல் வியாபாரத்தைத் தடை செய்தபோது பிழைப்புப் போன இருளர்களைக் கூட்டி, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துக் கொடுக்கும் தொழிலாக அதை மாற்றினார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான். அங்கத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவ்வளவு பெரிய கலைக்கு நம்முடைய எந்த எழுத்துத் தேர்விலும் ஒரு மதிப்பெண் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் மனைவியோடு மேற்கு மலையில் ஒரு சரணாலயத்துக்குப் போனேன். எங்களோடு வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர். சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்து, யானை எப்போது போனது, குட்டி கூட இருந்ததா என்றெல்லாம் சொன்னார். என் புத்தி எங்கே போகும்? "எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டேன். "பதினேழு சார்." "பெர்மனன்டா?" அவர் பதில் சொல்லாமல் முன்னால் நடந்தார்.

வேலை வேறு, உத்தியோகம் வேறு. இதை நாம் வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்கிறோம், பெண் கொடுக்கும்போது இதைத்தானே விசாரிக்கிறோம்? உத்தியோகம் என்றால் மேலே ஒரு படி, அதற்கு மேலே ஒரு படி. வனத்துறையிலும் வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், வனச்சரகர் என்று ஏணி இருக்கிறது. தற்காலிகக் காவலர் அந்த ஏணியிலேயே இல்லை. கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சிலரை நிரந்தரமாக்கியதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதுவும் போராடி, காத்திருந்து.

வனக்காப்பாளர் தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு இதுதான் உடையும் இடம். பிளஸ் டூவில் உயிரியல் என்றால் ஆய்வகம் வேண்டும், அதற்கு ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியர் மலையில் தங்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினால்தான் அடுத்தது நடைத் தேர்வு. ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடக்க வேண்டும். காட்டுநாயக்கப் பையனுக்கு அது காலை வேலை. ஆனால் நடந்து காட்டும் கட்டத்துக்கு அவன் வந்து சேர்வதே இல்லை.

கடற்கரையில் என்னோடு உட்காரும் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், இதை ஒப்புக்கொள்வதில்லை. "நீங்க பழைய ஆளுங்களை நினைச்சுப் பேசறீங்க. இப்ப உள்ள பசங்களுக்குக் காடு எங்க தெரியும்? செல்போன்தான் தெரியும்" என்கிறார். பாதி உண்மை. ஆறு வயதில் பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம். தேன் எடுக்கப் போகும் தாத்தாவோடு போக வேண்டிய பருவம் விடுதியில் கழிகிறது. பதினாறு வயதில் வெளியே வரும்போது தாத்தாவின் பாடமும் இல்லை, நம் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் இல்லை. அந்தப் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்துப் பாடம் நடத்த அழைக்கலாமே? மரத்தின் பெயரை அவர் மொழியில் அவர் சொல்லட்டும். தாவரவியல் பெயரை வாத்தியார் எழுதிப் போடட்டும்.

நண்பர் விடவில்லை. "தகுதியைக் குறைச்சா துறை கெட்டுப்போகும்."

யார் குறைக்கச் சொன்னது? என் வகுப்புத் தோழன் ஒருவன் பிரான்சுக்குப் போய் சொல்தாவாக இருந்துவிட்டு, பிறகு அங்கே தபால்காரனாகச் சேர்ந்தான். ஓய்வு பெறும்போது ஒரு தபால் நிலையத்துக்கே பொறுப்பாளன். பெரிய பட்டம் எதுவும் கிடையாது. அங்கே அரசுப் பணித் தேர்வில் இரண்டு வாசல் உண்டு. பட்டம் வைத்திருப்பவர்களுக்கு 'கோன்கூர் எக்ஸ்தெர்ன்', வெளித்தேர்வு. ஏற்கெனவே இத்தனை வருடம் பணி செய்தவர்களுக்கு 'கோன்கூர் ஆந்தெர்ன்', உள்தேர்வு. உள்தேர்வும் தேர்வுதான், சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. ஆனால் செய்த வருடங்கள் பட்டத்தின் இடத்தில் நிற்கும். 2002-லிருந்து, அனுபவத்தையே மதிப்பிட்டுப் பட்டம் தரவும் அங்கே சட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் நம்மை ஆண்டபோது செய்தது எல்லாம் நல்லது என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை நான். இந்த ஒன்றை மட்டும் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். பத்து வருடம் காட்டில் காவல் நின்றவருக்கு ஓர் உள்தேர்வு வையுங்கள். காட்டுக்குள்ளேயே வையுங்கள். தடம், மரம், தீத்தடுப்புக் கோடு, மோதல் வந்தால் ஊராரிடம் பேசும் விதம். கூடவே மகஜர் எழுதவும் சட்டம் படிக்கவும் ஆறு மாதப் பயிற்சி. நான் முப்பத்தொன்பது வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன். விதியில் ஒரு பத்தி சேர்ப்பதற்கு வானம் இடிந்து விழாது.

நம் மாஹேக்குப் பக்கத்து மலை வயநாடு. நான் மாஹேயில் இரண்டு வருடம் இருந்தபோது அங்கிருந்து வரும் பணியர்களைப் பார்த்திருக்கிறேன், அன்றைய கூலியைத் தவிர அவர்களுக்கு எதுவும் இல்லை. அண்மையில் கேரளத்தில் காட்டிலும் காட்டோரத்திலும் வாழும் பழங்குடி இளைஞர்களுக்கென்றே 500 பீட் வன அலுவலர் பணியிடங்களைத் தேர்வாணையம் மூலம் நிரப்பினார்கள். சீருடை, பயிற்சி, அணிவகுப்பு எல்லாவற்றோடும். முடியாது என்று சொல்பவர்களுக்கு அது போதும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. பழங்குடிப் பிள்ளை என்றதும் 'உனக்குக் காடுதான்' என்று நாமே முத்திரை குத்திவிடக் கூடாது. இருளர் பெண் கணக்காயராக ஆசைப்பட்டால் ஆகட்டும். காட்டுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கும் காவலர் வேலையோடு கதை முடிய வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதையே பத்தாம் வகுப்பில் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஊசுடேரிக்காரருக்கு ஒரு மகள். பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. அந்தக் கல்லூரியைப் பற்றி நான் சொன்னபோது அவள் முதலில் கேட்டது பஸ்ஸைப் பற்றி. கோயம்புத்தூர் போய் மாற வேண்டும் என்றேன். அவளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. குடும்பம் எப்போதிலிருந்து இங்கே குடியிருக்கிறது என்பதற்குக் காகிதம் கேட்பார்கள், அவர்களிடம் பழைய காகிதம் ஏது? சூளை சூளையாகப் போனவர்கள். 1987-ல் அவளுடைய தாத்தா இங்கே குடியிருந்தார், விண்ணப்பத்தோடு என் மேசைக்கு வந்தார் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது எடுபடுமா தெரியாது. நேரில் வந்து சொல்லச் சொன்னால் சொல்லவும் போகிறேன்.

திங்கட்கிழமை கிளம்புகிறோம். அந்த சீட்டில் இப்போது ஒரு பெண் இருக்கிறார் என்று கேள்வி. வரிசை நீளமாக இருக்கும் என்று, என் முழங்காலுக்காக மடக்கு ஸ்டூல் ஒன்றைப் பேரன் எடுத்து வைத்திருக்கிறான்.