எந்திரப்பியும் ஆறு நாணயங்களும்

எந்திரப்பி என்றால் ஒழுங்கின்மை என்று மனனஞ்செய்து பரீட்சை மண்டபம் புகும் மாணவர் நம்மிடையே பலர். அவர்மேற் குறையில்லை, நூல்கள் பலவும் அவ்வாறே கூறி அப்பாற் செல்கின்றன. ஆயினும், அவ்விளக்கம் தெளிவினும் மயக்கத்தையே மிகுதியும் தருவதென்பது எமது துணிபு.

ஒழுங்கென்பது காண்பார் கண்ணைப் பொறுத்தது. தாய் குப்பையென்று கடியும் மேசையிலிருந்து மகன் தனக்கு வேண்டிய தாளை நொடியில் எடுத்துவிடுவான். மூலக்கூறுகளோ அழகும் அறியா, அலங்கோலமும் அறியா. அங்குள்ளது வெறும் எண்ணிக்கையே.

ஆறு நாணயங்களைக் குலுக்கி எறிவோம். அவை விழத்தக்க வகைகள் 64. ஆறும் தலையாக விழுதற்கு வழி ஒன்றே. மூன்று தலையும் மூன்று பூவுமாக விழுதற்கு வழிகள் 20. ஆதலின் பின்னையதே அடிக்கடி தோன்றும். நாணயங்களை நூறாக்கினாலோ, வகைகளின் தொகை ஒன்றை அடுத்து முப்பது பூச்சியங்கள் இட்ட எண்ணையும் விஞ்சும். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் அனைத்தும் தலையாவது. ஆயுள் முழுதும் எறிந்தாலும் அதனைக் காண்டல் அரிது. இனி, அறையின் மூலையிற் கொளுத்திய ஊதுபத்தியை நினைமின். அதன் மணம் அறையெங்கும் பரவும். பரவியது மீண்டும் அம்மூலையில் வந்து திரள்வதில்லை. திரளலாகாதென்று அதனைத் தடுப்பார் எவருமிலர். திரண்டு நிற்றற்குரிய வழிகள், பரந்து நிற்றற்குரியவற்றோடு ஒப்பிடுகையில் இல்லையென்னுமளவு சில, அவ்வளவே.

எந்திரப்பி என்னும் பெயரை 1865 இல் இட்டவர் ஜேர்மானியராகிய கிளாசியஸ். அது வழிகளின் எண்ணிக்கையினது மடக்கைக்கு விகிதசமமென்னும் தொடர்பைக் கண்டவர் போல்ற்ஸ்மன். 1906 இல் மறைந்த அவரது கல்லறையில், வியன்னா நகரில், அச்சமன்பாடே பொறிக்கப்பட்டுள்ளது.

குளிர்சாதனப் பெட்டியில் நீர் பனிக்கட்டியாகின்றதே, அங்கே விதி பிழைத்ததோ என்பர் சிலர். நீரின் எந்திரப்பி குறைவது மெய். ஆயின் பெட்டியின் பின்புறத்தே கைவைத்துப் பார்க்க. அங்கு வெளியேறும் வெப்பம், நீர் இழந்ததினும் மிகுதியான எந்திரப்பியை அடுக்களைக் காற்றிற்குச் சேர்க்கின்றது. மொத்தத்திற் கூடுதலே நிகழ்கின்றது. சமுதாயம் சீரழிதற்கும் இவ்விதியே காரணமென மேடையில் முழங்குவோரும் உளர். மூலக்கூறுகளைப் பற்றிய விதிமேல் அப்பழியைச் சுமத்துதல் வீண்.

இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்க்கு எமது வேண்டுகோள் ஒன்று: சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் மாணவர் கையில் ஆறு நாணயங்களைக் கொடுங்கள். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாதென்பீர்கள். நாணயங்களுக்குச் செல்வது ஒரு பாடவேளையே. தன் கையால் எண்ணிப் பார்த்த மாணவன், நீரினும் நீராவிக்கு எந்திரப்பி மிகுதியாவது ஏனென்பதை எவரும் சொல்லாமலே கூறுவான்.