தொண்ணூறு கலம் நெல்

“சம்பளத்துக்கெல்லாம் தர மாட்டோம் சார். மெஷின் ஏதாவது கேளுங்க, வாங்கித் தர்றோம்.”

மருத்துவமனைக்கு நிதி கேட்டுப் படியேறியவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. கட்டடமும் கருவியும்தான் உதவி, ஆள் கூலிக்குக் கொடுத்தால் காசு கரைந்துவிடும் என்ற நம்பிக்கை கொடுப்பவர்களிடம் மட்டுமல்ல, ஊராரிடமும் ஊறிக்கிடக்கிறது. அரசு விதியும் அதற்குத் துணை நிற்கிறது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் வார்டு கட்டலாம், வார்டில் நிற்கும் நர்சுக்குச் சம்பளம் தர வழியில்லை.

இது தவறு. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுவது பெருந்தவறு.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் மாவட்டத்துத் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, வைத்த நிவந்தம் அதில் உள்ளது. கட்டில் 15தான். அந்தப் பதினைந்து பேரைக் கவனிக்கும் ஆட்களுக்குத்தான் எத்தனை கணக்கு! வைத்தியருக்கு நாளுக்கு மூன்று குறுணி நெல், ஆண்டுக்கு 90 கலம், அதற்குமேல் காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர். மருந்து காய்ச்சி நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். இராமுழுக்க எரிய ஒரு விளக்கு. தண்ணீர் சுமந்தவரின் கூலியைக் கல்லில் வெட்டிவைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கருவி மட்டும் நிலைக்குமா? புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட்-60இன் வீரியம் 5.27 ஆண்டில் பாதியாகிவிடும். முதல் நாள் இரண்டு நிமிடம் பிடித்த சிகிச்சைக்கு அப்போது நான்கு நிமிடம் ஆகும். அளவைக் கணக்கிட இயற்பியலாளர் வேண்டும், காலத்தில் புது கோபால்ட் வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கனடா கோபால்ட் கருவி கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தா முதல் மூன்று ஆண்டு சம்பளமில்லாமலும், பிறகு மாதம் 200 ரூபாய்க்கும் உழைத்தார். அப்படி ஒருவர் வாய்த்தது நம் பாக்கியம். ஆனால் தியாகிகள் வருவார்கள் என்று நம்பி ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி நடத்த முடியாது.

ஆளுக்குக் கொடுத்தால் பணம் வீணாகும் என்கிறார்கள். உறைபோட்டுக் கிடக்கும் கருவியில் முடங்கிய பணம் மட்டும் வீண் இல்லையா?

அப்படி ஒன்றை நேரில் பார்த்தேன். ஸ்கேன் அறைக் கதவில் கொடுத்தவர் பெயர் பளபளக்கிறது. அதன் கீழே, ‘டெக்னீஷியன் வியாழன் மட்டும்’ என்று கையால் எழுதி ஒட்டிய சீட்டு. அன்று செவ்வாய். தாயாரைக் கூட்டிவந்த நெசவாளர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத் திரும்பினார். அவர் நெய்வது கோர்வைச் சேலை, தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். இவர் எழுந்து வந்துவிட்டதால் பக்கத்தில் கரை போடும் ஆளுக்கும் அன்று கூலி இல்லை.