மெட்டுக்குக் காணி உறுதி

ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய இரு நாடுகளின் பிடில் இசை பற்றிப் பேசுவோருட் பலர் முதலில் எழுப்பும் வினா, 'இம்மெட்டு எந்நாட்டுக்கு உரியது?' என்பதாகும். எந்நாட்டு அச்சுத் தொகுப்பில் மெட்டு முந்திக் காணப்படுகின்றதோ அந்நாடே உரிமையுடையது, மற்றையது இரவல் பெற்றது என அவர்கள் தீர்ப்பளிப்பர். இது ஆய்வன்று; இசைக்குக் காணி உறுதி எழுதும் முயற்சியே.

அச்சு எதற்குச் சான்றாகும்? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடின்பரோவில் இசைநூற் பதிப்பு செழித்திருந்தது. அயர்லாந்தின் நடன மெட்டுகளோ பெரும்பாலும் செவிவழியே வாழ்ந்தன. 1850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பொன்று 1903இல் வெளிவந்ததும் சிக்காகோவிலேயே. தொகுத்தவர் அந்நகரின் பொலிஸ் தலைவர் பிரான்சிஸ் ஓநீல்! எனவே முந்திய ஏடு ஸ்கொட்லாந்தினதாயிருத்தல் பதிப்பகங்களின் வரலாற்றையே காட்டும், மெட்டின் பிறப்பையன்று. அவ்வேடுகள்தாமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையல்ல. நீல் கௌ குடும்பத்தாரின் தொகுப்புகளில் வில்லியம் மார்ஷலின் மெட்டுகள் சில வேறு பெயருடன், ஆக்கியோன் பெயரின்றி இடம்பெற்றமை அறிந்ததே.

இதனால், நாட்டார் மெட்டுக்கு ஆக்கியோனே இல்லை என்ற மறுதலைக் கூற்றும் ஏற்புடைத்தாகாது. அயர்லாந்தில் 'பெயரி ரீல்' என வாசிக்கப்படும் நடன மெட்டை ஆக்கியவர் நதானியல் கௌ. 'மொனிமஸ்க்' டானியல் டௌவின் ஆக்கம். அப்பெயர்களை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டொனகலில் ஒலிக்கும் 'மொனிமஸ்க்' டௌவின் மெட்டு மட்டுமன்று. ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ரத்ஸ்பே வகைக்குரிய வெட்டிவெட்டித் துள்ளும் தாளநடை அங்கே இளகி, இணைகள் ஆடும் 'ஹைலண்ட்' எனும் நடனத்துக்கேற்ப வேறொரு உருவம் பெற்றது. ஆடுவோரின் காலடி மாறும்போது வில்லின் வீச்சும் மாறுகின்றது. இம்மாற்றத்தை 'இரவல்' என்ற சொல் எவ்வாறு விளக்கும்?

மெட்டுகளைச் சுமந்து சென்றோர் யாவர் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. டொனகலின் வறிய குடியானவர் அறுவடைக்கும் உருளைக்கிழங்கு கிண்டுவதற்கும் பருவந்தோறும் ஸ்கொட்லாந்து சென்று திரும்பினர். கூலியோடு மெட்டுகளும் ஊர் வந்தன. 1980இல் மறைந்த ஜோன் டொஹேர்ட்டி, ஊரூராகத் திரிந்து தகரவேலை செய்த குடும்பத்தவர். ஸ்கொட்லாந்தின் புகழ்பெற்ற பிடில் கலைஞர் ஸ்கொட் ஸ்கின்னரின் மெட்டுகளை அவர் இசைத்தட்டிலிருந்தே கற்று, டொனகல் வில்நடையில் வாசித்தார். காணி உறுதி தேடுவோர் அவரை எந்நாட்டுப் பதிவேட்டில் எழுதுவர்?