வெறும் வண்டிதான் கவிழும்

"மூன்று சக்கரம்தானே, விழாது" என்று சொல்லித்தான் பலரும் இந்த வண்டிகளை வாங்குகிறார்கள். கெடாவில் பீடோங், லூனாஸ், பாடாங் செராய், குவாலா கெட்டில் பக்கம் போனால் இவற்றைப் பார்க்காமல் வர முடியாது. மோட்டாரின் இடப்பக்கம் இரும்புப் பெட்டி பற்றவைத்து வடையும் நாசி லெமாக்கும் விற்கிறார்கள். மாட்டுக்குப் புல் ஏற்றுகிறார்கள், பால் டின் ஏற்றுகிறார்கள். இனிப்புநீரால் காலை இழந்த அப்பாவுக்கு மோட்டாரின் பின்னால் இரண்டு சக்கரம் பூட்டிக் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களில் இது பிழைப்புக்கான வண்டி. அதனால்தான் இதைப் பற்றிப் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நிற்கும்போது விழாது என்பது உண்மை. முக்காலியும் அப்படித்தான் நிற்கும். ஆனால் ஓடுகிற வண்டிக்குச் சோதனை நிற்பதில் இல்லை, வளைவில் இருக்கிறது. இரு சக்கர மோட்டாரை வளைவில் உள்பக்கம் சாய்க்கிறோம். வெளியே தள்ளுகிற விசையை அந்தச் சாய்வு சரிக்கட்டிவிடுகிறது. மூன்று சக்கர வண்டியால் அப்படிச் சாய முடியாது. தள்ளுகிற விசை முழுவதையும் அது நிமிர்ந்து நின்றே தாங்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். 20 கிலோமீட்டரில் எந்தச் சிரமமும் தராத வளைவு 40 கிலோமீட்டரில் அதே வளைவு அல்ல.

கெடாவில் அதிகம் ஓடுவது பக்கப் பெட்டி வண்டி என்பதால் அதையே முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் 100 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, வெறும் பெட்டி 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் சக்கரம் மோட்டாரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த 210 கிலோவின் மையம் எங்கே விழும்? மோட்டாரின் சக்கரக் கோட்டிலிருந்து இடப்பக்கமாக ஏறத்தாழ 13 சென்டிமீட்டரில். பார்வைக்கு ஒரு மீட்டர் அகலமாகத் தெரிகிற வண்டியை இடது வளைவில் கவிழாமல் பிடித்திருப்பது அந்த ஒரு சாண்கூட இல்லாத தூரம்தான். 15 மீட்டர் ஆரமுள்ள இடது வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தொட்டாலே பெட்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் போகிற வேகம் அது.

அதே பெட்டியின் தரையில் 60 கிலோ சரக்கை வையுங்கள். மையம் 26 சென்டிமீட்டருக்கு நகர்கிறது; வேகம் 26, 27 வரை தாங்கும். சரக்கோடு போகும்போது அடங்கி ஓடிய வண்டி வியாபாரம் முடிந்து திரும்பும்போதுதான் தூக்கி எறிகிறது. சுமைதான் ஆபத்து என்று நினைத்துப் போகும்போது நிதானமாக ஓட்டுகிறோம். திரும்பும்போது வண்டி இலேசாகிவிட்டது என்று வேகத்தைக் கூட்டுகிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பெட்டிக்குள் சக்கரத்தின் பக்கமாக 30 கிலோ மணல் மூட்டை ஒன்றை நிரந்தரமாகக் கட்டிப்போட்டால் வெறும் வண்டிகூட 25 வரை தாங்கும். ஓட்டுபவர் தன் உடலைப் பெட்டிப் பக்கம் நன்றாகச் சாய்த்தால் 21 கிடைக்கும். எண்கள் வண்டிக்கு வண்டி மாறலாம். கணக்கின் போக்கு மாறாது.

பால் டின் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது டின்னுக்குள் இருக்கிற பால் வலப்பக்கம் ஓடும். பெட்டி கீழே அழுந்த வேண்டிய அந்த நேரத்தில் பாரம் மோட்டார் பக்கம் போய்விடுகிறது. பாதி நிரம்பிய இரண்டு டின்னைவிட விளிம்புவரை நிரப்பி மூடிய ஒரு டின் நல்லது.

பிரேக் வேறு கதை. பெட்டியின் சக்கரத்துக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும், பெட்டி நிற்காமல் முன்னே போகப் பார்க்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் ஓட்டுகிற நம் நாட்டில் வலப்பக்கம் என்பது எதிரே லாரி வருகிற பக்கம். இந்த இடத்தில் மட்டும் வெறும் வண்டியைவிடச் சுமை வண்டிதான் மோசம். சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் போகிற சாலை மாதிரி கனரக வண்டி ஓடுகிற இடங்களில் முன்னால் போகிற வண்டிக்கு வழக்கமாக விடுகிற இடைவெளியை இரட்டிப்பாக விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

நல்ல பட்டறைக்காரர் பெட்டியை நேராகப் பூட்ட மாட்டார். பெட்டியின் சக்கரம் மோட்டாரின் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அதன் முன்விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அல்லது இரண்டு சென்டிமீட்டர் மோட்டாரை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். மோட்டார் பெட்டிக்கு எதிர்ப்பக்கமாக ஒன்று அல்லது இரண்டு பாகை சாய்ந்திருக்க வேண்டும். சரிபார்ப்பது எளிது. நேரான இரண்டு பலகையை மோட்டார் சக்கரங்களை ஒட்டி ஒன்றும், பெட்டிச் சக்கரத்தை ஒட்டி ஒன்றுமாகத் தரையில் வைத்து, முன்னாலும் பின்னாலும் இடைவெளியை அளந்தால் போதும். இந்த அளவு தவறினால் வண்டி எந்நேரமும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த வண்டியை ஓட்டுபவருக்குச் சாயங்காலத்தில் தோள்பட்டை வலிப்பதற்கு வயதைக் குறை சொல்லக் கூடாது.

பெச்சாவின் அமைப்பு வேறு. அலோர் ஸ்டார் வீதிகளில் ஒரு காலத்தில் ஓடியதும், பினாங்கில் இன்று சுற்றுப்பயணிகளை ஏற்றுவதும் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று உள்ள வண்டி. பயணி முன்னே, மிதிப்பவர் பின்னே. மலாக்காவில் பயணி பக்கவாட்டில் உட்காருகிறார். தமிழ்நாட்டு வழக்கம் இதற்கு எதிர். 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். மிதிக்கிற வண்டியில் பயணி பின்னால்தான் இருப்பார். பயணியின் பாரம் அகலமான முன்பக்கத்தில் இறங்குவதால் பினாங்குப் பெச்சா சவாரியோடு நன்றாக அடங்கி ஓடும். சவாரி இல்லாதபோது உயரமான பின் இருக்கையில், ஒற்றைச் சக்கரத்துக்கு மேலே, மிதிப்பவர் மட்டும் இருப்பார். வளைவில் கவனம் தேவைப்படுவது அப்போதுதான். காற்று, காட்சி, இருக்கை எல்லாவற்றிலும் பெச்சா சுகம். ஆனால் முன்னால் எது மோதினாலும் முதலில் வாங்குவது பயணியின் முழங்கால். நடைவேகத்தில் ஓடிய காலத்தில் அது பொறுக்கக்கூடிய குறை. கார் வேகத்தில் ஓடும் சாலைக்கு அந்த வண்டி உகந்ததல்ல.

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்பது ஆட்டோவின் அமைப்பு. இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் 1948இல் வெளியிட்ட 'ஆப்பே' வண்டியின் வழியில் வந்தது இது. இதில் பாரம் பின்னால் இருக்க வேண்டும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னே வரும், முன்னே இருப்பதோ ஒற்றைச் சக்கரம். ஆகவே வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிப்பதுதான் இந்த வண்டியில் செய்யக் கூடாத காரியம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழைய வேண்டும்.

கால் இழந்தவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த அமைப்புதான், பக்கப் பெட்டி அல்ல. இடது வளைவுக்கும் வலது வளைவுக்கும் ஒரே குணம் காட்டும். ஒன்றைப் பழகினால் போதும். ஆனால் பட்டறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு பின்சக்கரமும் வளைவில் தனித்தனி வேகத்தில் சுற்றுமா? ஒரே அச்சில் இறுக்கிய சக்கரங்கள் என்றால் வண்டி திரும்ப மறுத்து நேரே ஓடப் பார்க்கும். கைப்பிடியைத் திருப்பியும் வண்டி திரும்பாத அந்த ஒரு நொடியில், காலை ஊன்ற முடியாதவர் என்ன செய்வார்?

தோட்டத்துச் செம்மண் சாலை வேறு நியாயம் கேட்கும். லாரி ஓடி ஓடி இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு. பக்கப் பெட்டி வண்டியில் ஒரு பக்கம் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டிலும் ஏறி, வண்டி சாய்ந்தபடியே போகும். பின்னால் இரு சக்கரம் உள்ள வண்டியின் முன்சக்கரம் மழையில் வழுக்கும் நடு மேட்டிலேயே ஓடும். உண்மையைச் சொன்னால் அந்தச் சாலைக்கு இரு சக்கர மோட்டாரே மேல். ஒரே பள்ளத்தில் போய்விடும். சுகத்தைப் பொறுத்தவரை, பெட்டிக்கு வில்லோ அதிர்வுதாங்கியோ இல்லையென்றால் அதில் மனிதரை உட்கார வைக்கவே கூடாது. பள்ளிக்கூடம் முடிந்து வருகிற பிள்ளைகளைக் காய்கறிக் கூடைக்கு நடுவே, தலைக்கவசம்கூட இல்லாமல் ஏற்றிவருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. 1973 முதல் மோட்டாரில் தலைக்கவசம் கட்டாயமாக உள்ள நாடு இது. பெட்டியில் இருக்கிற தலையும் தலைதான்.

பெட்டி பூட்டுவதும் பின்சக்கரம் மாற்றுவதும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும்; அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக்குப் பிறகு காப்புறுதிப் பணத்தில் சிக்கல் எழலாம். இந்த வண்டிகளை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அன்றாட வருமானக்காரர்கள். அந்தப் பணம் வராவிட்டால் வீடு தாங்காது. ஆகவே பட்டறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஜே.பி.ஜே. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. வண்டி கைக்கு வந்தபின் ஆள் இல்லாத திடல் ஒன்றில், பெட்டியைக் காலியாக வைத்து, இடப்பக்கமாக வட்டம் போட்டுப் பழகுங்கள். சக்கரம் எந்த வேகத்தில் எழும்புகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.