மெட்டில்லாப் பலகையும் அரம் போன்ற தந்தியும்

மெட்டில்லாத, ஒலிப்பெட்டியுடைய பேஸ் கிட்டாருக்கு எத்தகைய தந்தி பொருந்தும் என்று வினவுவோருக்குக் கடைக்காரரும் வாசிப்போரும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. வெண்கலத் தந்தி என்பதே அவ்விடை. மின்கருவியின் துணையின்றி ஒலிக்கும் கிட்டாருக்கு வெண்கலம் பூட்டுவது வழக்கம். பேஸ் கிட்டாரும் கிட்டாரே. ஆகவே அதற்கும் வெண்கலமே என்பது அவர்தம் வாதம். வாதம் எளிது. எளிதாக இருப்பதனாலேயே அதனை எவரும் ஆராய்வதில்லை.

மெட்டு என்பது ஈண்டுப் பாட்டின் மெட்டன்று. வீணைத் தண்டியில் சுரத்தானங்களைக் காட்டப் பதித்துள்ள உலோகக் கட்டைகளை மெட்டு என்பது போலவே, கிட்டாரின் விரற்பலகையில் குறுக்கே பதித்துள்ள கம்பிகளையும் மெட்டு எனலாம். மெட்டுள்ள கருவியில் விரல் எங்கே அழுத்தினும் தந்தி அமர்வது உலோகத்தின்மேல். மெட்டு நீங்கிய கருவியிலோ தந்தி மரத்தின்மேல் நேரே அமர்கிறது. அம்மட்டோடு நில்லாது, வாசிப்பவர் கமகம் போன்ற அசைவு வேண்டி விரலை முன்னும் பின்னும் ஆட்டும்போது தந்தியும் மரத்தில் தேய்கிறது.

கடையில் தரப்படும் வெண்கலத் தந்தி பெரும்பாலும் ரவுண்ட்வவுண்ட் என்னும் வகையினது. நடுவில் எஃகு நரம்பு. அதன்மேல் உருண்டைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பர். நகத்தால் வருடினால் மேடும் பள்ளமும் புலப்படும். அதனை அரம் என்றால் மிகையாகாது. கருங்காலிப் பலகை சில காலம் தாங்கும். ரோஸ்வுட் பலகை விரைவில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடத்தில் தந்தி இரையும். சுரம் தூய்மை கெடும். பின்பு பலகையைச் சீவிச் சமன் செய்ய வேண்டும். சீவச் சீவ மரம் மெலியும். தந்தியை மாற்றலாம்; தேய்ந்த மரத்தை மீண்டும் வளர்க்க இயலுமா?

இவ்விடத்து ஜாக்கோ பஸ்டோரியஸின் பெயரைத் துணைக்கழைப்போர் உளர். 1976ஆம் ஆண்டில் தம் பெயராலேயே இசைத்தட்டு வெளியிட்டு, மெட்டில்லாப் பேஸ் கிட்டாரின் குரலை உலகறியச் செய்தவர் அவர். அவர் பூட்டியது ரவுண்ட்வவுண்ட் தந்தியே, ஐயமில்லை. ஆயின் படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பிசினைத் தம் விரற்பலகைமேல் பூசிக் கடினமாக்கிக்கொண்டவரும் அவரே. தந்தியைப் பார்த்துப் பின்பற்றியோர் பூச்சினைப் பார்க்கத் தவறினர். பாதியைப் பின்பற்றுவது பின்பற்றாமையினும் தீது. ஒலிப்பெட்டிக் கருவியின் பலகையிலும் அப்பூச்சை இடலாம். இட்டவர் எத்தந்தியையும் பூட்டட்டும். இடாதவர்க்கு அவர் பெயரைச் சொல்ல உரிமை யாது?

இவ்வுண்மையை ஆசிய இசைக்கருவிகள் முன்னரே உணர்ந்திருந்தன. ஆப்கானிய ரபாபில் குடல் நரம்பும் மரப்பலகையும் இணைந்திருந்தன. அதன் வழிவந்த சரோத் உலோகத் தந்தியை ஏற்றபோது, மெட்டில்லாத அதன் பலகைக்கும் உலோகத் தகட்டைப் போர்த்தினர். தந்தி மாறியது, பலகையும் உடன் மாறியது. நம் கச்சேரி மேடைகளில் அமர்ந்துள்ள வயலினும் மெட்டில்லாக் கருவியே. அதன் தந்திகளில் சுற்றுள்ளவை தட்டை நாடாவால் வழவழப்பாகச் சுற்றப்பட்டவை. நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் தந்தியும் அவ்வாறே. கோட்டு வாத்தியத்திலோ விரல் தந்தியைப் பலகையோடு அழுத்துவதே இல்லை; வழுக்கும் கட்டை மேலே செல்கிறது. மெட்டில்லாக் கருவிகள் அனைத்தும் கூடி ஒரு வழி காட்டியிருக்க, கிட்டார்க் கடை மட்டும் வேறு வழி காட்டுகிறது.

உருண்டைக் கம்பியே உரத்து ஒலிக்கும் என்பது எஞ்சியுள்ள வாதம். அதில் உண்மை உண்டு. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வொலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். மடியில் வைக்கும் பெட்டி அதனை முழங்கச் செய்யாது. 1972இல் வந்த எர்த்வுட் பேஸ் கிட்டார் பேருருவப் பெட்டியோடு வந்ததற்கு இதுவே காரணம். மேற்சுரங்கள் மிகுந்த தந்தியைப் பூட்டினால் செவி அவற்றைக் கொண்டு அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஆயின் மெட்டில்லாத கருவியில் தந்தியின் ஒரு முனையை நிறுத்துவது விரலின் தசை. அத்தசை மேற்சுரங்களைக் கணிசமாக விழுங்கிவிடும். விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலியோ குறையாது. மேலும் மேடையேறுவோர் பாலத்தினடியில் பீசோ ஒலியுணரியைப் பொருத்தி ஒலிபெருக்கியை நாடுகின்றனர். ஒலிபெருக்கி வந்த பிறகும் உரத்த தந்தி வேண்டும் என்பது எதற்காக?

ஆகவே நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்ட் தந்தியே முதலில் நாடத்தக்கது. மரத்துக்கு ஊறு செய்யாது. குரலும் டபுள் பேஸை ஒட்டிக் கனிந்திருக்கும். பீசோவுக்குக் காந்தம் வேண்டாவாகையால் நைலான் ஒரு தடையன்று. இத்தந்தி தடித்தது, தலைப்பக்கத்துக் கட்டையின் காடியில் அமராவிடில் காடியை அறிந்தவரைக் கொண்டு அகற்றிக்கொள்ள வேண்டும். எஃகு நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்டும் வழவழப்பானதே. எனினும் அவ்வகையில் சில மிகுந்த இழுவிசை உடையவை. மெல்லிய மேற்பலகையில் ஒட்டப்பட்ட பாலத்தை அவை நாளடைவில் பெயர்க்கக்கூடும் என்பதால் மெல்லிய அளவே நன்று. ஒலிபெருக்கியே தொடாமல் கிட்டார்களோடு அமர்ந்து வாசிப்பவர்க்கு டேப்வவுண்டின் ஒலி போதாமற் போகலாம். அவர் சுற்றிய பின் மேற்புறம் இழைத்த அரைவட்டத் தந்தியை வாங்கலாம். அதுவும் தேய்க்கும், ஆயின் குறைவாகத் தேய்க்கும்.

இதனை நம்ப மறுப்போர் எவருடைய சொல்லையும் கேட்க வேண்டுவதில்லை. ஓராண்டு வெண்கலம் பூட்டி வாசித்த கருவியின் தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, விரற்பலகையை விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பார்த்தால் போதும். விரல் அடிக்கடி நின்ற இடங்களில் எல்லாம் நுண்ணிய வரிகள் கிடக்கும்.